துப்பாக்கி ஏந்திய விசுவாசி
திருவனந்தபுரத்தில் இரண்டு நாட்கள்



பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து பெருநகரங்களில் வாழும் நம்மில் பலருக்குத் திருவனந்தபுரம் என்றதும் மருத்துவமனையோ, விமான நிலையமோதான் நினைவுக்கு வரும். குமரி மாவட்டத்தாருக்கோ அது அந்நிய ஊர் அல்ல. 1956 நவம்பர் 1 வரை அவர்களுடைய தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தன, தலைநகர் திருவனந்தபுரமே. தேவகிருபையால் அண்மையில் இரண்டு நாட்கள் அந்நகரில் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. போனது ஒரு ஜெபக்கூட்டத்திற்காக. ஆனால் இந்தப் பக்கங்களில் நான் எழுத விரும்புவது, அங்கே ஒரு கடை வாசலில் நான் சந்தித்த ஒரு சகோதரரைப் பற்றியும், அவர் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பற்றியும்.

குழித்துறையைக் கடந்து, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இரயில் ஊர்ந்து, தம்பானூரில் உள்ள மத்திய நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது விடியற்காலை. 1931இல் கட்டப்பட்ட அந்தக் கருங்கல் கட்டடத்தின் முன் நின்று தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கிழக்கே கோட்டையை நோக்கி நடந்தேன். சாலைத் தெருவுக்குள் நுழைந்தால் பாதிப் பேச்சு தமிழ். திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான அந்தக் கடைவீதியில் வெற்றிலையும் வெங்காயமும் பாத்திரமும் விற்கும் தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அங்கிருந்து மகாத்மா காந்தி சாலைக்குத் திரும்பினால் காட்சி மாறுகிறது. கண்ணாடி முகப்புகள், ஆளுயரத்துக்கும் மேலான மணமகள் படங்கள், வரிசையாக நகைக்கடைகள். அவற்றில் ஒன்றின் வாசலில் காக்கிச் சீருடையும் இரட்டைக்குழல் துப்பாக்கியுமாக நின்ற ஒருவர், "ஸ்தோத்திரம் அண்ணே!" என்று என்னை அழைத்தார்.

ஒரு கணம் திடுக்கிட்டேன். பிறகுதான் அடையாளம் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூட்டங்களில் கஞ்சிரா தட்டிப் பாடியவர். பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, குடும்பத்தோடு இந்நகருக்கு வந்து, 'கன்மேன்' வேலையில் சேர்ந்திருக்கிறார். ஒரு குண்டுமணித் தங்கமும் அணியாத பெந்தெகொஸ்தே குடும்பம் அவருடையது. மனைவியின் கழுத்தும் காதும் வெறுமையானவை. அந்த வீட்டுத் தலைவர் பகல் முழுவதும் தங்கத்திற்குக் காவல் நிற்கிறார்! இதைச் சொல்லி நான் சிரித்தபோது அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. "இரவு வீட்டுக்கு வாருங்கள் அண்ணே. ஒரு காரியம் கேட்க வேண்டும்" என்றார்.

பகலெல்லாம் நகரைச் சுற்றினேன். ஒரு துப்பாக்கியைக் கண்டபின் கண் அதையே தேடுகிறது. வங்கி வாசலில் ஒன்று. பணப்பெட்டி ஏற்றும் வாகனத்தின் அருகே ஒன்று. பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியும் ஆயுதக் காவல். 2011இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அதன் நிலவறைகள் திறக்கப்பட்டு, உள்ளிருந்த பொன்னும் இரத்தினங்களும் உலகமெங்கும் பேசப்பட்ட பிறகு, மாநிலக் காவல்துறை அங்கே பாதுகாப்பைப் பெருக்கியது. நூற்றாண்டுகளாகச் சத்தமின்றிக் கிடந்த பொக்கிஷம், கணக்கெடுக்கப்பட்டதும் துப்பாக்கி கேட்கிறது.

வெளிநாட்டில் வாழும் நம் விசுவாசிகள் சொல்லும் செய்தி வேறு விதமானது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2016 ஜனவரி 1 முதல், உரிமம் பெற்றவர் இடுப்பு உறையில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடமாடலாம். 2021 செப்டம்பர் முதல் பெரும்பாலோர்க்கு அந்த உரிமமும் தேவையில்லை. தன் கடைக்குள் அது வேண்டாம் என்று நினைக்கும் உரிமையாளர், சட்டம் சொல்லும் அறிவிப்புப் பலகையை வாசலில் வைக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரில் ஒரு வால்மார்ட் கடையில் துப்பாக்கிச்சூடு நடந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் அந்நிறுவனம், வெளித்தெரியும்படி துப்பாக்கி ஏந்தி வரவேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே துப்பாக்கி வாங்க வருகிறவனிடம் இருக்கலாம். இங்கே அது விற்கிறவனுடைய வாசலில் நிற்கிறது.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று, அனுமதி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் அதைத் தொடக்கூடாது. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமணங்களிலும் விழாக்களிலும் பிறர் உயிருக்கு ஆபத்தாக வானத்தை நோக்கிச் சுடுவதையும் இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. பொது இடத்தில் ஆயுதத்தை எடுத்து ஆட்டிக் காட்டுவதை 2016ஆம் ஆண்டின் விதிகள் தடை செய்கின்றன.

இவை இருந்தும் தவறுகள் நடக்கின்றன. 2021 செப்டம்பரில் இதே நகரின் கரமனையில், பணம் நிரப்பும் வாகனங்களுக்குக் காவலாக வேலை செய்த ஜம்மு காஷ்மீர் இளைஞர் ஐவர், செல்லத்தக்க உரிமமில்லாத துப்பாக்கிகளை வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். செய்தியைப் படித்தவர்கள் பயங்கரத்தைக் கண்டார்கள். எனக்கோ, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிழைக்க வந்தவர்களும் கண்ணில் பட்டார்கள். துப்பாக்கி இருந்தால்தான் வேலை என்னும்போது, காகிதம் சரியா என்று யார் கேட்கிறார்கள்?

மாலையில் பூஜப்புரை வழியாகப் பேருந்தில் போனேன். மத்தியச் சிறைச்சாலை அங்கேதான் இருக்கிறது. 2012இல் இத்தாலியக் கடற்படை வீரர் இருவர் சில காலம் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று, 'என்ரிகா லெக்சி' என்னும் வணிகக் கப்பலில் கடற்கொள்ளையருக்கு எதிரான காவலாக நின்ற அவர்கள், கேரளக் கரைக்கு அப்பால் 'செயிண்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென்று கருதிச் சுட்டார்கள். மீனவர் இருவர் மாண்டார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு பல நீதிமன்றங்களையும் பன்னாட்டுத் தீர்ப்பாயத்தையும் கடந்து, இத்தாலி கொடுத்த 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சில நொடிகளின் வேலைக்கு ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்தார்கள். விதவையின் வீட்டில் அந்தக் கணக்கு இன்னும் முடிந்திராது. காவலுக்கென்று நின்றவர்கள்தாம் சுட்டார்கள் என்பதை அந்த மதிலைக் காணும்போது மறக்க முடியவில்லை.

இரவு எட்டரை மணிக்கு அந்தச் சகோதரரின் வீட்டில் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டு, குடும்ப ஜெபம் முடித்து அமர்ந்தோம். அப்பொழுது அவர் தம் பாரத்தைச் சொன்னார்.

ஓணத்திற்கு முந்தைய வாரம், பட்டப்பகல், கடை நிறையக் கூட்டம். நகை பார்க்க வந்தவன் போல் நின்ற ஒரு பையன் ஒரு சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடினான். உள்ளிருந்து, "சுடு! சுடு!" என்று கத்தினார்கள். பதினேழு வருடப் பயிற்சி. கை தானாகவே துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திவிட்டது. குழலின் முனைக்கு நேரே பேருந்து நிறுத்தம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

"அது ஒற்றைக் குண்டு இல்லை அண்ணே. தோட்டாவுக்குள் ஈயச் சிதறல்கள். தூரம் போகப் போக விரியும். நான் இறக்கிவிட்டேன்."

பையன் தப்பினான். இரண்டு வாரம் கழித்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கொண்டு காவல்துறை அவனைப் பிடித்தது. வயது இருபதுகூட ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே கடையில் கேட்டார்கள்: "பிறகு உனக்குத் துப்பாக்கி எதற்கு?" அந்த மாதம் சம்பளத்தில் பிடித்தம். கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுகிறார்கள். மனைவி வேலையை விடச் சொல்கிறார். சபையிலும் இரண்டு பேச்சு: விசுவாசி ஆயுதம் எடுக்கலாகாது என்று சிலர், செய்கிற வேலையைச் சரியாய்ச் செய்யவில்லையே என்று சிலர்.

"நான் கோழையா அண்ணே? இல்லை, இந்த வேலையே பாவமா?"

உடனே விடை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வேதத்தைத் திறந்தோம். முதலில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். இரவில் கன்னமிட்டு நுழையும் திருடன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் பழியில்லை. ஆனால் சூரியன் உதித்த பிறகு அப்படிச் செய்தால் இரத்தப்பழி உண்டு என்பது அங்கே காணும் நியாயம். பகல் வெளிச்சத்தில் திருடனும் ஒரு முகமுள்ள மனிதன். அவனைப் பிடிக்க வேறு வழி உண்டு. நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் தூரமானதன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, உடைமையைக் காக்க உயிரை எடுக்கும் அளவுக்குப் போகும் உரிமையைச் சில கொடிய வேளைகளுக்கு மட்டுமே தருகிறது: கொள்ளை, சூரிய அஸ்தமனத்திற்கும் உதயத்திற்கும் இடையே வீடு உடைத்தல், வீட்டுக்குத் தீயிடல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தரும் திருட்டு முதலியவை. வெறுங்கையோடு ஓடும் பையன் இவற்றில் எதிலும் அடங்கான். கடைக்காரரின் கூச்சல் சட்டம் ஆகாது.

அடுத்து எஸ்றா 8ஆம் அதிகாரம். அறுநூற்றைம்பது தாலந்து வெள்ளியும் நூறு தாலந்து பொன்னும் சுமந்து எருசலேமுக்குப் புறப்பட்ட எஸ்றா, வழித்துணைக்குப் போர்வீரரைக் கேட்க ராஜாவிடம் வெட்கப்பட்டார். அகாவா ஆற்றண்டையில் உபவாசித்து ஜெபித்துவிட்டுக் காவலின்றியே போனார். நெகேமியாவோ அதே எருசலேமுக்கு ராஜாவின் குதிரைவீரரோடு போனார். கர்த்தருடைய கரம் இருவரோடும் இருந்தது. ஆகையால் ஆயுதக் காவலைக் கண்டவுடன் பாவம் என்று தீர்க்கவும் முடியாது. அதுவே நம்பிக்கை என்று சாயவும் முடியாது.

"யோவான்ஸ்நானனிடம் போர்ச்சேவகர் வந்து கேட்டபோது, வேலையை விடச் சொல்லவில்லை தம்பி. ஒருவரையும் கொடுமைப்படுத்தாமல், கிடைக்கும் சம்பளத்தில் திருப்தியாய் இருக்கத்தான் சொன்னார். நீர் சுடாமல் விட்ட அந்த நொடியில் உம் வேலையைச் சரியாகவே செய்தீர்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "ஒருவேளை அந்த நிறுத்தத்தில் பிள்ளைகள் நிற்காதிருந்தால் நான் சுட்டிருப்பேன் அண்ணே. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை" என்றார்.

அதற்கு என்னிடம் வசனம் இல்லை. மூவரும் முழங்காற்படியிட்டோம். அந்தப் பையனுடைய பெயர் தெரியாது. ஆனாலும் அவனுக்காக அந்தச் சகோதரர்தாம் முதலில் ஜெபித்தார். மனைவி விம்மினார். மறுநாள் காலை நான் இரயிலேறப் போகும்போது, அவர் சீருடையோடு அதே கண்ணாடி வாசலில் நின்றார். கையசைத்தார். குழல் தரையை நோக்கியிருந்தது.

பிரியமானவர்களே, நம் சபைகளில் காவல்வேலை செய்கிறவர்கள் பலர் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வங்கியிலும் ஏ.டி.எம். வாசலிலும் இரவு விழித்திருந்து, ஞாயிறு ஆராதனையில் கண்ணயர்கிறவர்கள் அவர்களே. அவர்களைப் பார்த்துச் சிரியாதிருங்கள். 127ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறோம். அந்த வசனத்தில் ஒரு காவலாளனும் நிற்கிறான் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். கர்த்தரே காக்கிறவர், அந்தக் காவலாளனையும் அவரே காக்க வேண்டும், அவன் கை செய்யக்கூடிய தவற்றிலிருந்தும்கூட.

அந்தச் சகோதரர் வேலையில் நீடிப்பதா, விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. வேறு வேலை தேடிக்கொண்டும் இருக்கிறார். இவ்விதழை வாசிக்கிற நீங்கள் இன்றைய குடும்ப ஜெபத்தில் அவரையும், ஆயுதத்தோடு நிற்கும் எல்லாக் காவலாளரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.