பின்னணி மங்க வேண்டும், அவ்வளவுதான்!

சினிமாவில் நாயகி கண்ணீரோடு திரும்பிப் பார்ப்பாள். முகம் மட்டும் பளிச். பின்னால் தெருவிளக்குகள் எல்லாம் வட்ட வட்டமாய்க் கரைந்து கிடக்கும். அதே காட்சியை 2004-ல் ஒரு மாணவன் தன் கேம்கார்டரில் எடுத்தால் என்ன ஆகும்? நாயகி தெரிவாள். கூடவே கொடியில் காயும் துண்டு, சுவரில் கிழிந்த போஸ்டர், எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் எல்லாம் அதே துல்லியத்தோடு தெரியும். "கல்யாண வீடியோ மாதிரி இருக்குடா" என்று நண்பர்கள் சொல்லிவிடுவார்கள். மூன்று மாதம் கதை எழுதியவனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

குற்றம் கேமராவின் தரத்தில் இல்லை, அளவில். அன்றைய நல்ல கேம்கார்டர்களில்கூட (பானாசோனிக் டிவிஎக்ஸ்100 மாதிரி) சென்சார் 1/3 அங்குல வகை. அதாவது ஏறக்குறைய 4.8 மி.மீ அகலம். ஸ்டில் கேமராவின் ஃபிலிம் சட்டமோ 36 மி.மீ அகலம். ஃபிலிம் கேமராவில் 50 மி.மீ லென்ஸ் காட்டும் அதே பரப்பைக் காட்ட, கேம்கார்டருக்கு 7 மி.மீ லென்ஸ் போதும். லென்ஸ் அவ்வளவு குட்டியானால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தே ஃபோகஸில் வந்துவிடும். கேம்கார்டரின் துவாரத்தை எஃப்1.8-க்கு முழுசாகத் திறந்தாலும், ஃபிலிம் கேமராவில் எஃப்13 வரை மூடியதற்குச் சமம்தான். பின்னணி எப்படி மங்கும்?

தீர்வு என்னவோ எளிமையானது. ஃபிலிம் கேமராவின் லென்ஸை முன்னால் வை. ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் தேய்த்து மங்கலாக்கிய ஒரு கண்ணாடியை வை. அதில் சினிமாத் திரை போலப் படம் விழும். அந்தத் திரையைப் பின்னாலிருந்து கேம்கார்டர் படம் பிடிக்கட்டும். ஜெர்மனியின் பி+எஸ் டெக்னிக் நிறுவனம் 'மினி35' என்ற பெயரில் இதைத்தான் தயாரித்தது. விலை மாணவர்கள் பக்கம் வரும் விலை இல்லை. ஆகவே குழாய், பசை, கறுப்பு பெயிண்ட் என்று ஆரம்பமானது வீட்டு வேலை.

இதில் ஒரே ஒரு அளவு தப்பினால் எல்லாம் வீண். நிக்கான் லென்ஸ் என்றால் அதன் பின் வளையத்திலிருந்து கண்ணாடியின் தேய்த்த முகம் வரை 46.5 மி.மீ இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால்கூட தூரத்து மலை தெளிவாகவே வராது. ஸ்கேலை நம்பிப் பிரயோஜனமில்லை. லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, தூரத்துக் கட்டடம் எதையாவது பார்த்து, கண்ணாடியை மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி, தெளிவானதும் ஒட்டிவிட வேண்டும். பசை காயும் வரை மூச்சு விடக்கூடாது :-)

அடுத்து கண்ணாடி. உப்புத்தாளால் தேய்த்தால் கீறல்கள் பெரிசு பெரிசாய் விழும். படத்தில் வானம் மணல் தெளித்த மாதிரி இருக்கும். கெட்டிக்காரர்கள் அலுமினியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வட்டமாய் மணிக்கணக்கில் அரைத்தார்கள். அப்படியும் ஒரு சிக்கல். கேமரா நகரும்போது காட்சி நகரும், கண்ணாடியின் துகள் மட்டும் அப்படியே நிற்கும். அழுக்கான பஸ் கண்ணாடி வழியாக ஊர் பார்ப்பது மாதிரி.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கதையிலேயே அழகான பகுதி. கண்ணாடி அசையாமல் நின்றால்தானே துகள் தெரியும்? அதைச் சுற்றவிட்டால்? வெற்று சிடிக்களைக் கட்டாக வாங்கும்போது மேலே ஒரு ஒளி ஊடுருவும் தகடு வரும், குப்பைக்குப் போவது. அதை அரைத்து, பழைய சிடி பிளேயரின் மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டார்கள். துகள் மாயமாய் மறைந்தது. மோட்டார் சத்தம் மைக்கில் விழுந்தது வேறு விஷயம். இன்னொரு கட்சி கண்ணாடியைச் சுற்றாமல் சின்ன மோட்டாரால் அதிர வைத்தது. பின்னால் விலைக்கு வந்தவற்றில் ரெட்ராக் எம்2 சுற்றும் வகை, லீட்டஸ்35 அதிரும் வகை.

இத்தனைக்குப் பிறகும் படம் தலைகீழாகத்தான் பதிவாகும்! எடிட்டிங்கில் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் எடுக்கும்போது? நடிகர் வலப்பக்கம் நடந்தால் திரையில் இடப்பக்கம் போவார். சிலர் சின்ன டிவி ஒன்றைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு சமாளித்தார்கள். வெளிச்சமும் ஏகத்துக்கு விழுங்கப்படும். ராத்திரிக் காட்சி என்றால் கூடுதல் விளக்கு வேண்டும். ஓரங்கள் இருட்டடிக்காமல் இருக்க கண்ணாடியோடு ஒட்டி இன்னொரு குவிலென்ஸ் வேண்டும். மிச்சம் பிடித்த காசெல்லாம் இப்படித்தான் போகும்.

வீண் வேலையா என்றால், இல்லை. கரேத் எட்வர்ட்ஸ் 2010-ல் வெளியான தன் முதல் திரைப்படமான 'மான்ஸ்டர்ஸ்' முழுவதையும் சோனி இஎக்ஸ்3 கேமராவின் முன்னால் லீட்டஸ் அடாப்டரையும் நிக்கான் லென்ஸையும் மாட்டித்தான் எடுத்தார். பிறகு அவருக்கு 'காட்ஸில்லா' (2014) கிடைத்தது.

ஆனால் அந்தப் படம் திரைக்கு வருவதற்கு முன்பே கதை முடிந்திருந்தது. 2008-ல் நிக்கான் டி90 வந்தது, அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. 36 மி.மீ அகல சென்சாரிலேயே நேரடியாக முழு எச்டி வீடியோ. தேய்த்த கண்ணாடி வேண்டாம், மோட்டார் வேண்டாம், தலைகீழ்ப் படமும் வேண்டாம். வருஷக்கணக்கில் அரைத்துப் பழகிய கைகளுக்கு ஒரே மாதத்தில் வேலை போனது.

இன்று போனே கணக்குப் போட்டுப் பின்னணியை மங்கலாக்குகிறது. சில நேரம் காதையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறது! எட்வர்ட்ஸ் 2023-ல் 'தி கிரியேட்டர்' எடுத்தது சோனி எஃப்எக்ஸ்3-ல். அதன் சென்சார் அளவு, அன்று சிடி தகட்டில் விழுந்த அதே 36-க்கு 24 மி.மீ. ஆனாலும் கண்ணாடி அரைக்கிறவர்கள் ஒழிந்துவிடவில்லை. அந்த மெல்லிய புகைமூட்டம் போன்ற படம் எந்தச் சென்சாரிலும் வராது என்று சொல்லி, இப்போது பழைய மரக் கேமராக்களின் உள்ளங்கை அகலக் கண்ணாடியின் பின்னால் வீடியோ கேமராவை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் இன்னமும் தலைகீழ்தான்.