நக்கிள்ஸ் மலையடியில் ஒரு மற்போர் விசாரம்

கண்டி மாநகரிலிருந்து புறப்படும் பஸ் வண்டி மடவளையைத் தாண்டி வத்தேகாமத்தை அடையும்வரை, மலைநாட்டினுள்ளே செல்கின்றோம் என்ற நினைவு பிரயாணிக்கு அவ்வளவாக எழுவதில்லை. கடைத்தெருக்களும் வீட்டுத் தோட்டங்களும் மாறி மாறி வருகின்றன. மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையும் வத்தேகாமத்தில் தலைகாட்டி மறைந்துவிடுகின்றது. அதன் பின்னரே சாலை தன் உண்மைச் சுபாவத்தைக் காட்டத் தொடங்குகின்றது. மிளகுக் கொடி படர்ந்த மரங்களையும் கிராம்பு மரங்களையும் விட்டு, வளைந்து வளைந்து ஏறித் தேயிலைச் சரிவுகளிடையே நம்மைக் கொண்டுபோய்ப் பன்வில என்னும் சிறு பட்டணத்தில் இறக்கிவிடுகின்றது. இங்கிருந்து மடுல்கலைக்கும் போகலாம், ஹுலுகங்கைக்கும் போகலாம். எந்தப் பக்கம் போனாலும், அண்ணாந்து பார்த்தால் எதிரே நிற்பது நக்கிள்ஸ் மலைத்தொடர்தான்.

மடக்கிய கையின் விரற்கணுக்களைப் போலச் சிகரங்கள் வரிசையாகத் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரை இட்டனர். சிங்கள மக்கள் பனிமூட்டத்தை நினைத்து அதனைத் தும்பறை மலை என்பர். மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து 2010 ஆம் ஆண்டில் இது உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. காலையில் மஞ்சு விலகும் வேளையிலே பார்த்தால், யாரோ ஒரு பூதம் வானத்தை நோக்கிக் கை ஓங்குவது போலவே இருக்கும்.

இந்த ஓங்கிய கையின் அடியிலே வாழும் மக்களோ பரம சாதுக்கள். முதலில் கோப்பியும், இலைநோய் அதனை அழித்த பின் தேயிலையுமாக இம்மலைகளை ஆக்கியவர்களின் வழிவந்தோர். அவர்களுள் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் என் நெடுநாளைய நண்பர். அவருடைய பேத்திக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்பிலே படிக்கின்றாள். பிரத்தியேக வகுப்பு முடிந்து வத்தேகாமத்திலிருந்து அவள் வந்திறங்கும்போது அந்தி சாய்ந்துவிடும். சந்தியிலிருந்து லயத்துக்கு ஒன்றரை மைல், தேயிலை மலையினூடே நடை. சென்ற மாதம் ஒருவன் பின்னாலிருந்து அவளுடைய புத்தகப் பையைப் பற்றி இழுத்திருக்கின்றான். பையை அவனிடமே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். படிப்பை நிறுத்திவிடலாம் என்பது வீட்டாரில் பாதிப்பேரின் தீர்ப்பு.

"பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டுவதற்கு நான் முப்பது வருஷம் படிப்பிக்கவில்லை, ஐயா," என்றார் நண்பர். "வளைவிலே ஒரு விளக்குப் போடத் தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். சந்திக்கு ஆளும் போகும். ஆனால் அவள் கைக்கும் ஏதாவது தெரியவேண்டும். எதைப் பழக்கலாம்? அதைச் சொல்லுங்கள்."

வாசகர்களிலும் பலருக்கு இந்தக் கேள்வி உண்டாதலின், அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன்.

கராத்தே பயிற்றும் இடம் நம் பட்டணங்களில் எளிதாய்க் கிடைக்கின்றது. அதனைக் குறை கூறுவது என் கருத்தன்று. ஆயினும் இருட்டிலே ஒரு பெண்ணை எதிர்ப்பவன் குத்துச்சண்டைக்காரனைப் போல எட்ட நின்று கை நீட்டுவதில்லை. மணிக்கட்டைப் பற்றுகின்றான், பின்னாலிருந்து அணைத்துப் பிடிக்கின்றான், கீழே தள்ளுகின்றான். பிடியிலே அகப்பட்டவருக்கு ஓங்கி அடிக்க இடமேது? பிடியை அறிந்தவரே பிடியை விடுவிக்க வல்லவர். ஆதலால் தட்டும் குத்தும் முதன்மையான கலைகளைக் காட்டிலும், பற்றிப் பிணைந்து போரிடும் கலைகளையே இங்கு நாட வேண்டியிருக்கின்றது. தேகப்பயிற்சி என்று பார்த்தாலும், எதிராளியின் பாரத்தை ஐந்து நிமிஷம் தாங்கி இழுத்துத் தள்ளுவதுபோல் உடம்பு முழுவதையும் வேலை வாங்கும் பயிற்சிகள் சிலவே.

இது நமக்குப் புதிய விஷயமுமன்று. கண்டிக்குத் தென்மேற்கே எம்பெக்கே தேவாலயம் இருக்கின்றது. கதிர்காமக் கடவுளுக்கு உரியது. பதினான்காம் நூற்றாண்டில், கம்பளை அரசர் காலத்தில் எழுந்தது. அதன் மண்டபத்து மரத்தூண்களிலே அன்னமும் இருதலைப் பட்சியும் நடனமாதும் செதுக்கிய தச்சன், ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நிற்கும் இரு மல்லரையும் செதுக்கி வைத்தான். பார்க்கச் செல்வோர் அந்தச் சதுரத்தின் முன் சிறிது நேரம் நிற்கவேண்டும். சிங்கள மக்களின் பழைய போர்க்கலையாகிய அங்கம்பொரையில், கைகால்களாலேயே பொருவது அங்கம் என்றும் ஆயுதமேந்திப் பொருவது இலங்கம் என்றும் இரு கூறுகள் உண்டு. 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து, 1818 இல் ஊவா வெல்லசைக் கிளர்ச்சியும் அடக்கப்பட்ட பின்னர் ஆங்கிலேயர் இக்கலையை ஒடுக்கினர் என்றும், சில குடும்பங்களே அதனை மறைவில் காத்துவந்தன என்றும் மரபு கூறுகின்றது. இன்று அது மீண்டும் வெளிப்படையாகப் பயிலப்படுகின்றது.

தமிழர் பக்கம் திரும்பினாலோ, போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியிருக்கின்றார். ஒரு கால் எதிரியின் மார்பை மடக்கி அழுத்த, மறு கால் அவனுடைய தந்திரத்தைத் தடுத்துப் பின்னே நின்றது என்று புலவர் கால்களைத் தனித்தனியே கவனிக்கின்றார். இன்றைய பயிற்சியாளர் எவரும் தம் மாணவனுக்கு முதலிற் சொல்வது இதைத்தான்: கையைப் பார்க்காதே, காலைப் பார்.

சரி, பழம்பெருமை போதும். பன்வில சிறுமிக்கு எது? இன்று பரவலாய் உள்ள கலைகள் நான்கு. குஸ்தி ஒன்று, ஜூடோ ஒன்று, அந்த ஜூடோவின் கிளையாய்ப் பிரேசிலிலே வளர்ந்த ஜியூ-ஜிட்ஸு மற்றொன்று. நான்காவதான சாம்போ, சோவியத் நாட்டிலே 1938 இல் அங்கீகாரம் பெற்றது. எல்லாவற்றிலும் கொஞ்சம் உள்ள நல்ல கலவைதான். ஆனால் இம்மலைகளிலே கற்றுத்தர ஆளைத் தேடிப் பயனில்லை.

குஸ்தியிலே நம் பிள்ளைகளுக்கு ஒரு பிறவிச் சலுகை உண்டு. சடுகுடு ஆடினவர் எவரும் பாய்ந்து கணுக்காலைப் பற்றவும் இடுப்பைக் கட்டவும் கேட்காமலே அறிவர். மலையேறி இறங்கிய தொடையும் இடுப்பும் அதற்கு உதவும். 2022 இல் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் நெத்மி அகிம்சா பொருதொட்டகே என்ற இலங்கைப் பெண் 50 கிலோ பிரிவிலே வெண்கலப் பதக்கம் பெற்றதை அறிவோம். எனினும் குஸ்தியின் நோக்கம் எதிரியின் தோள்களை நிலத்தில் படவைப்பது. மல்லாந்து விழுந்தால் தோல்வி. அத்துடன் ஆட்டம் முடிந்தது. தெருவிலோ, மல்லாந்து விழுந்த பின்புதான் ஆபத்தே ஆரம்பமாகின்றது.

ஜியூ-ஜிட்ஸு அந்த இடத்திலிருந்து தொடங்குகின்றது. 1914 இல் பிரேசிலை அடைந்த மித்சுயோ மாயேடா என்ற ஜப்பானியர் கற்பித்ததைக் கிரேசி குடும்பத்தார் வளர்த்தனர். கீழே கிடப்பவர் மேலிருக்கும் பலசாலியைக் கால்களால் வளைத்துத் தடுப்பதும், அவன் கையை மடக்குவதும், கழுத்தை நெரிப்பதும் அதன் சிறப்பு. மெலிந்த உடலினர்க்கு இதைவிட ஏற்றது வேறில்லை. ஆனால் நிலத்திலே நெடுநேரம் கிடந்து பழகியவர், எதிரி இருவராயின் என் செய்வார்? எழுந்து ஓடுவதும் ஒரு வித்தை. அதையும் பழக வேண்டும். மேலும் இக்கலை இந்நாட்டில் பெரும்பாலும் கொழும்பைச் சார்ந்தே நிற்கின்றது.

எஞ்சியது ஜூடோ. ஜிகோரோ கானோ 1882 இல் டோக்கியோவிலே அதனை வகுத்தபோது, பழைய ஜூஜுட்சுவின் கொடிய பிடிகளை விலக்கி, இருவர் முழு வலிமையோடு மோதினாலும் காயமின்றி வீடு திரும்பும்படி அமைத்தார். அந்த மோதற் பயிற்சியே அதன் உயிர். நின்று வீழ்த்தல், நிலத்தில் அழுத்திப் பிடித்தல், கைமடக்கு, கழுத்துப்பிடி, அவற்றிலிருந்து மீளுதல் எல்லாம் அதிலே உண்டு. சட்டையைப் பற்றி ஆடுவதால், ஆடையைப் பிடித்திழுப்பவனிடமும் அது செல்லும். 1964 முதல் ஒலிம்பிக்கிலும், 1992 முதல் பெண்களுக்குரிய முழுப் போட்டியாகவும் இடம்பெற்றது. சாமர தர்மவர்தன ரியோவிலும் டோக்கியோவிலும் இலங்கைக்காக ஆடினார். கண்டியிலும் அது பயிலப்படுகின்றது. குறையும் உண்டு. 2010 முதல் போட்டி விதிகள் காலைக் கையால் பற்றுவதை விலக்கத் தொடங்கிவிட்டன. எனவே நம் சடுகுடு வித்தை அங்கே செல்லாது. நிலப்பயிற்சிக்குச் சில ஆசிரியர்கள் பத்து நிமிஷமே ஒதுக்குவர்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது, ஜூடோவைத் தேர்ந்தெடுங்கள். சேர்க்குமுன் ஒரு நாள் வகுப்பைப் போய்ப் பாருங்கள் என்பது. புதிய பிள்ளைக்கு முதல் வாரங்களில் விழுவதற்குக் கற்பிக்கின்றாரா? மோவாயை மார்போடு ஒடுக்கி, கையால் பாயைத் தட்டி விழத் தெரிந்தவர் மழைக்காலத்து வழுக்கற் படிகளிலும் தலை உடையாமல் தப்புவார். தோட்டத்திலே எதிரியைவிட வழுக்கல்தான் அதிகம்! நேரத்தில் மூன்றிலொரு பங்காவது நிலத்திலே செல்கின்றதா? பெரியவரோடு சிறியவரை மோதவிடும்போது ஆசிரியரின் கண் அவர்கள்மேலேயே இருக்கின்றதா? சுவரிலுள்ள கிண்ணங்களையும் கேடயங்களையும் எண்ணவேண்டியதில்லை. ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னேன்: ஆறு மாதப் பயிற்சியால் அவள் எவனையும் வென்றுவிட மாட்டாள். பிடி தளர்ந்த அந்தக் கணத்திலே, பையை எறிந்துவிட்டு அன்று ஓடியதைப் போலவே ஓட வேண்டும். அன்று அவள் செய்தது சரியான தற்காப்புத்தான் என்று வீட்டிலே அவளிடம் யாரும் சொல்லவில்லையாம்.

கண்டிக்குப் போய்வரச் செலவாகின்றதே என்ற கவலை நியாயமானது. ஞாயிறு ஒரு நாள் வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டிலே பயிற்சி. பயிற்சிக்கு எதிராளி வேண்டுமன்றோ? அதற்காக லயத்திலே இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு கூறினேன். வடஇந்தியாவில் செய்வது போல மண்ணைக் கொத்திப் பதப்படுத்திக் கோதா அமைக்கலாமா என்று நண்பர் கேட்டார். இந்த மலைமழைக்கு அது இரண்டே நாளில் சேறாகும். அவருடைய தோட்டத்திலே கொழுந்து நிறுப்பதற்கு இப்பொழுது உபயோகிக்காத பழைய மடுவம் ஒன்று கூரையோடு கிடக்கின்றது. வைக்கோலைத் திணித்துத் தைத்த சாக்குகளை அதன் தரையிலே நெருக்கமாய்ப் பரப்பி, மேலே தடித்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் உருளுவதற்கும் நிலப்பிடிகளைப் பழகுவதற்கும் போதும்; தூக்கி எறிவதைக் கண்டியிலே, ஆசிரியர் முன்னிலையில், முறையான மெத்தைமேல் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சாக்குகளுக்கு நண்பர் ஏற்பாடு செய்துவிட்டார். மடுவத்தின் சாவிக்குத்தான் துரைக்கு மனு எழுதியிருக்கின்றார்.