அப்பாவின் கீறல்கள்

அப்பா போன பிறகு அவருடைய எச்.எம்.டி. ஜனதா என்னிடம் வந்தது. சாவி கொடுத்தால் ஓடியது. ஆனால் கீறல் விழுந்து மங்கிய கண்ணாடி வழியே மணி தெரியவில்லை. ஓரத்தில் விரிசல் வேறு. ஒரு கடைக்காரர் உடனடிப் பசை தடவினார். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறம் வெண்படலமாகப் படிந்ததுதான் மிச்சம்.

1961ல் ஜப்பானின் சிட்டிஸன் கூட்டுடன் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016ல் ஒப்புதல் தந்துவிட்டது. இனி யாரிடம் போவது?

சிக்பேட்டையில் ஒரு முதியவர் அகப்பட்டார். "இது கண்ணாடியே இல்லை சார், அக்ரிலிக்" என்றார். சட்டத்தின் உள்விட்டத்தை அளந்து, அதைவிட மயிரிழை பெரிதான வில்லை ஒன்றைத் தேடி எடுத்தார். வட்டமாகப் பற்கள் கொண்ட கருவியால் அதன் விளிம்பை இறுக்கினார். வில்லை சற்றே சுருங்கியது. சட்டத்தில் பொருத்திப் பிடியைத் தளர்த்தினார், விரிந்து கவ்விக்கொண்டது. துளிப் பசை இல்லை.

முட்கள் பளிச்சென்று தெரிந்தன.

"பழசைக் குப்பையில் போட்டுடலாமா?" என்றார்.

அப்பாவின் அத்தனை வருட உழைப்பும் அந்தக் கீறல்களில்தான் இருந்தது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.