பாதி விலை, முழு வம்பு

பழைய செல்போன் வாங்குகிறவர்கள் விலையைப் பேரம் பேசுகிறார்கள். பாட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்று விசாரிக்கிறார்கள். கண்ணாடியில் கீறல் உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். இது யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் விற்பவர் மனம் புண்படுமே என்ற தயக்கம்.

அந்தத் தயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சென்ற ஆண்டு நேரில் பார்த்தேன். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாளுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்கினான். பில் இல்லை, பெட்டியும் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணா, என்னமோ கேஸுன்னு சொல்றாங்க. கொஞ்சம் கூட வாங்க" என்று அம்மாள் வந்து நின்றார். அவருக்குப் பேச்சுக் கன்னடம் நன்றாகவே தெரியும். காவல் நிலையத்துக் கன்னடம் தெரியாது. வாக்குமூலத் தாளை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை: களவு. இரு மொழியிலும் அது ஒன்றுதான்.

போனை வாங்கி வைத்துக்கொண்டு பையனை அனுப்பிவிட்டார்கள். போனைப் பறிகொடுத்தவரும் அவன் வயதுக்காரர்தான், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர். போன் போன நாளிலிருந்து அவருக்கு வேலையும் இல்லை.

காவல் துறைக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு செல்போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள். திருட்டுப் போன்களின் எண்களைக் குறித்து வைக்கும் தொலைத்தொடர்புத் துறையின் மையப் பதிவேடு 2019இல் மும்பையிலும் டெல்லியிலும் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' இணையதளம் மூலம் நாடு முழுவதற்கும் வந்தது. பறிகொடுத்தவர் போலீசில் புகார் செய்து அதில் பதிந்துவிட்டால் போன் முடக்கப்படும். பிறகு அதில் யார் சிம் போட்டாலும் தகவல் போய்விடும்.

தமிழ் படித்தவனுக்குக் கோவலன் நினைவு வராமல் போகாது. அவன் விற்கப்போனது சொந்த மனைவியின் சிலம்பு. ஆனால் அதை நிரூபிக்க அவன் கையில் ஒன்றுமில்லை. உள்ளே இருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்பதுதான் வழக்கைத் தீர்த்தது; அதற்குள் அவன் உயிர் போய்விட்டது. செல்போனின் பரல் இந்த 15 இலக்கம். இதை நாம் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்கலாம்.

*#06# என்று அழுத்தினால் எண் திரையில் தெரியும். அது பில்லில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பிறகு ஆங்கில எழுத்தில் கே.ஒய்.எம். என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். முடக்கப்பட்டது, போலி என்று பதில் வந்தால் வாங்கக் கூடாது. சிக்கல் இல்லை என்று பதில் வந்தாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது. நேற்றுத் திருடியதற்கு இன்னும் புகாரே வந்திருக்காது. எனவே அசல் பில், விற்பவரின் அடையாள அட்டை நகல், கையெழுத்துப் போட்ட ரசீது மூன்றும் தேவை. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து விற்பவர் நம் எதிரிலேயே வெளியேற வேண்டும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்வது நல்லது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. பாதி விலையும் பில் இல்லாததும் அந்தக் காரணமாகிவிடக் கூடும்.

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று கேட்கிறோம். அதற்காக எந்த விற்பனையாளரும் கோபித்துக்கொள்வதில்லை. செல்போனுக்கும் அந்த வழக்கம் வரட்டும். நாம் விற்கும் நாளில் நம்மிடமும் பில் இருக்க வேண்டும். இன்றே எடுத்து பத்திரப்படுத்துங்கள்.