பெரியம்மா வீட்டுத் தொட்டி

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய் வந்தேன் என்றதும், "ஆகா, தணிகை மலை வைபவத்தைப் பற்றி எழுதப் போகிறாள்" என்று நீங்கள் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும், சகோதரிகளே! மலை ஏறியது உண்மை. முருகனைக் கண் குளிரத் தரிசித்ததும் உண்மை. ஆனால் இந்தப் பிரயாணத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் மலை மேல் கிடைக்கவில்லை, பூமிக்கடியில் கிடைத்தது. காபி குடித்துக்கொண்டே படிக்கிறவர்கள் டம்ளரைக் காலி செய்துவிட்டு மேலே வாருங்கள்.

சென்னையிலிருந்து ரயிலேறினால் அரக்கோணம் தாண்டித் திருத்தணி. ஆறுபடை வீடுகளில் ஐந்தாவது. ஆண்டு நாட்களை நினைவூட்டும் 365 படிகள். இந்தச் சீமை ஒரு காலத்தில் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் முதல் தேதியன்று தமிழகத்தோடு சேர்ந்தது. அங்கிருந்து ஆந்திர எல்லையை நோக்கிப் போகிற பஸ்ஸில் ஏறினால் பொதட்டூர்பேட்டை. நெசவாளர் ஊர். தெருவுக்குள் நுழைந்தவுடனே தறிச் சத்தம் வரவேற்கிறது. ஒரு திண்ணையில் தமிழ் கேட்கிறது. அடுத்த திண்ணையில் தெலுங்கு கேட்கிறது. மூன்றாவது திண்ணையில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் கேட்கின்றன.

இந்த ஊரில் என் பெரியம்மா இருக்கிறாள். கிருத்திகை வந்தால் அவள் வீடு சத்திரம்தான். நான் முதல் நாள் மாலை போய் இறங்கியபோது பதினேழு பேர் வந்தாகிவிட்டது. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கழிவறை. விடியற்காலையில் கொல்லைப்புறத்திலிருந்து மருமகளின் குரல் வந்தது: "அத்தே! தண்ணி உள்ளே போகலே. மேலே வருது!"

மூடி எங்கே?

செப்டிக் டாங்க் நிரம்பிவிட்டது. அதைக் கட்டிப் பன்னிரண்டு வருஷமாகிறதாம். ஒரு தரமாவது எடுத்ததுண்டா என்று கேட்டேன். "அதுதான் ஒரு தொந்தரவும் கொடுக்கலையே" என்றார் பெரியம்மாவின் மகன், என் அண்ணன்.

இங்கே ஒரு வார்த்தை. இந்தத் தொட்டிக்குச் செப்டிக் டாங்க் என்று பெயர் சூட்டி நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் டொனால்ட் கேமரன் என்பவர். 1895-இல், இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில். வேலை எளிது. கனமானது அடியில் படிகிறது. கொழுப்பும் நுரையும் மேலே மிதக்கின்றன. நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகிறது. அடியில் படிந்ததைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று குறைக்கின்றன. குறைக்குமே தவிர, முழுவதும் தீர்த்துவிடாது. ஆகையால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வண்டலை எடுத்தே ஆக வேண்டும். தொந்தரவு கொடுக்கவில்லையே என்று விட்டு வைத்தால், வண்டல் இறுகிப் பாறையாகிவிடும். பிறகு தொந்தரவு மொத்தமாக வரும். அதுவும் பண்டிகையன்று பார்த்து வரும்.

லாரிக்குப் போன் செய்தாயிற்று. அடுத்த கேள்வி, மூடி எங்கே? அண்ணன் கொல்லையின் கிழக்கு மூலை என்றார். மருமகள் மேற்கு என்றாள். கட்டிய மேஸ்திரி காலமாகிவிட்டார். கடைசியில் அது துளசி மாடத்துக்குப் பக்கத்தில், போன வருஷம் ஆசையாகப் பதித்த பூப்போட்ட டைல்ஸுக்குக் கீழே அகப்பட்டது! மூன்று டைல்ஸை உடைத்த பிறகுதான் தரிசனம் கிடைத்தது. புது வீடு கட்டும் சகோதரிகளே, மூடி திறந்த வெளியில் இருக்கட்டும். அது இருக்கும் இடத்தை வீட்டுப் பத்திரத்தோடு ஒரு காகிதத்தில் வரைந்து வையுங்கள்.

பாவும் குழாயும்

ஆறரை மணிக்கு லாரி வந்தது. தெருவில் நுழைய முடியவில்லை. எதிர் வீட்டுக் கிழவர் இன்னும் கைத்தறியை விடாதவர். தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். கிழவர் திரும்பியே பார்க்கவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ளே முடிச்சிடுவேன். ஒரு மணி நேரம் பொறு, நைனா" என்றார். பொறுத்தோம்.

பொறுத்தது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பிறகு தெரிந்தது. பாவைச் சுருட்டியபின் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, குழாயோடு குழாயைச் சேர்த்து நீட்டிக் கொல்லை வரை கொண்டு வந்தார்கள். பம்பு ஓடியது. தொட்டியில் பாதி போனதும் குழாய் அடைத்துக்கொண்டது. குழந்தையின் டயபரும் பழந்துணியும்! அடைப்பை எடுக்கப் போன இடத்தில் ஒரு இணைப்பு நழுவி, குழாயில் இருந்தது தெருவில் கொட்டிற்று. எங்கே தெரியுமா? அரை மணிக்கு முன்னால் பாவு கிடந்த அதே இடத்தில்.

அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்து ஊர் சுற்றுகிறார்கள் அல்லவா? அந்த வண்டிக்கு அடியிலும் கழிவுத் தொட்டி உண்டு. முகாமில் குழாயைச் சொருகி அவர்களே திறந்துவிட வேண்டும். குழாயைச் சரியாக மாட்டாமல் திருகைத் திறந்துவிட்டுக் காலணியோடு குளித்தவர் கதைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. கழிவறைத் தொட்டியை முதலில் காலி செய். பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டியைப் பிறகு திற, அந்த நீர் குழாயைக் கழுவிவிடும் என்பது அவர்கள் அனுபவப் பாடம். கொலராடோவானாலும் கொல்லைப்புறமானாலும் முதல் விதி ஒன்றுதான்: இணைப்பைப் பார்த்துவிட்டுத் திற. துணி, டயபர், நாப்கின் எதையும் கழிவறைக்குள் போடாதே என்பது நமக்கு இரண்டாவது விதி.

நாற்றம் தெருவைத் தூக்கியது. மருமகள் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தாள். தூபக்காலில் நெருப்பெடுத்து, சாம்பிராணி தூவி, திறந்த தொட்டியருகே கொண்டு வந்தாள். "ஐயோ அம்மா, எடுத்துட்டுப் போங்க!" என்று டிரைவர் போட்ட கூச்சலில் தூபக்கால் நடுங்கிற்று. தொட்டிக்குள் உண்டாகும் வாயுக்களில் ஒன்று மீதேன். நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி, பீடி, விளக்கு எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

"சட்டையைப் போட்டுக்கோ!"

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் சிரிக்க முடியவில்லை.

அடியில் ஒரு முழ உயரத்துக்கு வண்டல் இறுகிக் கிடந்தது. பம்பு உறுமியதே தவிர இழுக்கவில்லை. லாரியோடு வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "எறங்கி வாளியிலே அள்ளிடறேன் சார். மேலே ஐந்நூறு குடுங்க." அண்ணனுக்கு அவசரம். உள்ளே பதினேழு பேர். காவடிக்குப் பூ வந்து காத்திருக்கிறது. கை பைக்குள் போயிற்று. நானும் பக்கத்தில்தான் நின்றேன். பத்திரிகைக்காரி, நாலும் படித்தவள், வாயைத் திறக்கவில்லை. பண்டிகை நடந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது.

பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "டேய், பைக்குள்ளேருந்து கையை எடு" என்றாள் மகனிடம். பிறகு பையனைப் பார்த்து, "அம்மா இருக்காங்களா, கண்ணு?" என்று கேட்டாள்.

"இருக்காங்கம்மா."

"அப்போ சட்டையைப் போட்டுக்கோ."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

பெரியம்மா சட்டம் படித்தவளல்ல. ஆனால் சட்டமும் அதையேதான் சொல்கிறது. உரிய பாதுகாப்பு இல்லாமல் மனிதனைச் செப்டிக் டாங்கில் இறக்குவது, 2013-இல் வந்த மத்திய சட்டத்தின்படி குற்றம். இறக்கியவர் வீட்டுக்காரரானாலும் சரி, முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது.

தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று ஒரு விஷ வாயு உண்டு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மிகுந்துவிட்டாலோ மூக்கையே மரத்துப் போகச் செய்துவிடும். "வாடை போய்விட்டது, பயமில்லை" என்று நினைக்கிற அந்த நிமிஷம்தான் மிக ஆபத்தான நிமிஷம். உள்ளே இறங்கியவர் சுருண்டு விழுகிறார். தூக்கிவிட இன்னொருவர் குதிக்கிறார்; அவரும் விழுகிறார். ஒரு தொட்டியில் இரண்டு மூன்று பேர் மாண்டார்கள் என்று நாம் படிக்கும் செய்திகளின் உள்விஷயம் பெரும்பாலும் இதுதான். மூடியைத் திறந்து வைத்து நேரமாயிற்றே என்பது ஒரு பாதுகாப்பும் அல்ல.

வேறு வழி இருந்ததா? இருந்தது. எங்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டிரைவர் பம்பைத் திருப்பிப் போட்டார். இழுத்த நீரில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே பீய்ச்சி, வண்டலைக் கரைத்து, திரும்ப இழுத்தார். அரை மணி கூடுதலாயிற்று. அடியில் சிறிது மிச்சமிருந்தது. அது இருக்கவே வேண்டுமாம்; புது வண்டலைத் தின்னும் கிருமிகளுக்கு அதுதான் உறைமோர். பினாயிலும் ஆசிடும் ஊற்றித் தொட்டியைக் 'கழுவினால்' அந்தக் கிருமிகள் செத்துப் போகும். வெறும் தண்ணீரை நிரப்பி மூடினால் போதும்.

கேட்க மறந்த கேள்வி

பணம் கொடுத்தாயிற்று. லாரி கிளம்பும்போதுதான் எனக்குத் தோன்றியது. "இதை எங்கே கொண்டு போய் ஊற்றுவீர்கள்?" என்று கேட்டேன். டிரைவர் சிரித்தார். "ஊருக்கு வெளியேதாம்மா, எங்கேயாச்சும்" என்றார். தெருமுனையில் லாரி திரும்பி மறைந்தது.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது அந்த 'எங்கேயாச்சும்' என்னோடு வந்தது. இந்தச் சீமையில் பள்ளிப்பட்டு அருகேதான் கொசஸ்தலை ஆறு தமிழ்நாட்டில் தன் நடையைத் தொடங்குகிறது. வறண்டு கிடக்கும்; மழை பெய்தால் பாலங்களை மூழ்கடிக்கும். அந்த நீர் எங்கே போகிறது? பூண்டிக்கு. 1944-இல் கட்டி முடித்து, சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கி நிற்கும் அதே நீர்த்தேக்கத்துக்கு. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும். சுத்திகரித்த பிறகு, சென்னையில் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் என் வீட்டுக் குழாய்க்கும்!

வழியில்லாத காரியம் அல்ல இது. கழிவைச் சேகரித்துச் சுத்திகரிப்பதற்குத் தமிழ்நாடு அரசு 2014-லேயே விதிமுறைகள் வகுத்தது. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில், லாரி லாரியாக வரும் இந்த வண்டலைக் காய வைத்துப் பக்குவப்படுத்தவே 2017-இல் நிலையம் அமைத்தார்கள். தொட்டி சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, லாரிக்காரரிடம் உரிமம் உண்டா, எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்பது. பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்பது. பின்னால் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை நான் கேட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். பளிங்கு போலத்தான் இருந்தது. ஆனாலும் குடிப்பதற்கு முன் ஒரு கணம் கை நின்றது. அடுத்த கிருத்திகைக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவேன். முதல் வேலையாக, அந்த லாரிக்காரரைத் தேடி அந்தக் கேள்வியை மறுபடி கேட்பேன்.