ஒட்டுவதற்குக் கூலி உண்டு, உரிப்பதற்கு?

சென்னையிலிருந்து வரும் வண்டி திண்டிவனத்தில் மூன்று பக்கம் பிரியலாம். புதுச்சேரிக்கு ஒன்று, விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, செஞ்சி, திருவண்ணாமலை தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு ஒன்று. வண்டி கூடுகிற ஊரில் வண்டி வேலைக்காரர்களும் கூடுவார்கள். டிங்கரிங் பட்டறை, சீட் கவர் கடை, வாட்டர் வாஷ், ரேடியம் கடை என்று வரிசை நீளும். ரேடியம் கடையில் ஸ்டிக்கர் ஒட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதை உரிக்கிற வேலையைப் பார்க்கத்தான் செஞ்சி சாலைப் பக்கத்துக் கடை ஒன்றுக்குப் போனேன்.

வாசலில் டிஎன் 32 பதிவெண்ணோடு மெரூன் நிறக் கார் ஒன்று நின்றிருந்தது. மல்லாட்டை வியாபாரி ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பானெட்டில் பழைய பாதுகாப்பு ஃபிலிம் மஞ்சளடித்து, ஓரங்களில் வெடித்துக் கிடந்தது. கதவில் முதல் உரிமையாளரின் பிள்ளைகள் பெயர். பின்கண்ணாடியில் வேலோடு ‘மயிலம் முருகன் துணை’.

கடைக்கார அண்ணன் முதலில் ஹீட் கன்னை எடுக்கவில்லை. வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தச் சொன்னார். “அரை மணி நேரம் காயட்டும் சார். சும்மா கெடைக்கிற சூடு, கரண்ட் எதுக்கு?” காயும் நேரத்தில் வண்டியைச் சுற்றி வந்தார். கதவோர ரப்பர் பீடிங்கை விலக்கி உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தார். இடது பக்க ஃபெண்டர் அருகே நின்று, “இங்க அடிபட்டிருக்கு. மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காங்க” என்றார். வாங்கியவருக்கே தெரியாத சேதி அது. ரப்பருக்கு அடியில் சிதறியிருந்த பெயிண்ட்டின் சொரசொரப்பு அவர் விரலுக்கு அகப்பட்டிருக்கிறது.

இந்தச் சோதனையில்தான் பாதித் தொழில் இருக்கிறது. கம்பெனியில் அடித்த பெயிண்ட் உயர் வெப்பத்தில் சுட்டு இறுகியது, தகட்டை லேசில் விடாது. பட்டறையில் அடித்தது அப்படியில்லை. சரியாகத் தேய்க்காமல், பிரைமர் போடாமல் அடித்திருந்தால் ஃபிலிமோடு சேர்ந்து தோலாக வந்துவிடும். வந்தால் பழி உரித்தவர் மேல்தான்.

ஃபிலிமும் வயதாக ஆகக் கெட்டுப்போகும். மலிவான ஸ்டிக்கர்கள் பிவிசியால் ஆனவை. அவற்றை வளையவைக்கும் எண்ணெய்ப்பசை போன்ற சேர்மானம் வருடங்கள் போகப் போக வெளியேறி, வெயிலில் தாள் சுருங்கி நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. அடியிலுள்ள பசையோ பெயிண்ட்டைக் கவ்விக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. இரண்டு வருடத்தில் எடுத்தால் முழுத் தாளாக வந்திருக்கக்கூடிய ஸ்டிக்கர், எட்டு வருடம் கழித்து நகத்தளவுத் துண்டுகளாகத்தான் வரும்.

வெயில் போதாத இடங்களில் ஹீட் கன் வந்தது. ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினார். நடுநடுவே புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். “கை தாங்குற சூடுதான் கணக்கு. அதுக்கு மேல போனா பெயிண்ட் பொங்கிடும்.” மூலையை நகத்தால் நெம்பி, ஃபிலிமைத் தன்மேலேயே மடித்து, தகட்டோடு படுத்த வாக்கில், அவசரமில்லாமல் இழுத்தார். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் விசை முழுவதும் பெயிண்ட்டின் மேல் விழும். ஃபெண்டர் வந்ததும் அவர் வேகம் இன்னும் பாதியானது. உதவிக்கு நின்ற பையனைத் தொடவிடவில்லை.

பின்கண்ணாடிக்கு வந்தபோது வேல் ஸ்டிக்கரைத் துண்டாக்காமல் எடுக்க வெகுநேரம் மெனக்கெட்டார். எடுத்ததைத் தரையில் போடவில்லை, மேசை மேல் வைத்தார். “சாமி, காலுல படக் கூடாது” என்றார்.

ஒட்டியதை எடுக்கும்போது பெயிண்ட்டும் வந்துவிடுமோ என்கிற பயம் நூறு வருடப் பயம். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் இரட்டை வண்ணக் கார் அடித்த பெயிண்டர்கள், ஓரம் மறைக்க ஒட்டிய தாளைப் பிய்த்ததும் பெயிண்ட்டும் பிய்ந்துவர, திட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த 3எம் கம்பெனி ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். இன்று நம்மூர்ப் பட்டறைகள் அத்தனையிலும் தொங்குகிற டேப் அதன் வாரிசுதான்.

ஃபிலிம் போன பிறகுதான் உண்மையான பாடு, கம். இதற்கு வண்டியைத் திரும்ப நிழலுக்குக் கொண்டுவந்தார்கள். வெயிலில் எந்த மருந்தும் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும். டர்பன்டைனைப் பனியன் வேஸ்ட்டில் நனைத்துக் கம் மேல் போர்த்தி ஊறவைத்தார். காலாவதியான ஏடிஎம் கார்டின் விளிம்பில் துணி சுற்றி, இளகிய கம்மை ஒரே திசையில் தள்ளினார். பிளேடு கண்ணாடிக்கு மட்டும்தான், அதிலும் பின்கண்ணாடியில் டீஃபாகர் கம்பிக் கோடுகள் இருந்தால் பிளேடு கூடாது. அடம்பிடித்த இடங்களில் நீலகிரித் தைலம். தின்னர் பக்கத்திலேயே இருந்தும் அதை அவர் தொடவில்லை. பட்டறைப் பெயிண்ட்டைத் தின்னர் கரைத்துவிடக்கூடும்.

பக்கத்துக் கடைகளில் அவசரத்துக்குத் தின்னரைத்தான் ஊற்றுகிறார்கள். தின்னரில் டொலுயீன் சேர்மானம் உண்டு. அந்த ஆவியை மூடிய இடத்தில் நாள் முழுக்கச் சுவாசித்தால் தலைவலி, கிறுகிறுப்பு வரும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு மண்டலமே கெடும். அங்கே நான் பார்த்த பையன் ஒருவனின் விரல்கள் வெளுத்து, நுனி வெடித்திருந்தன. கையுறை இல்லை. “பழகிடுச்சிண்ணா” என்றான். இதற்கெல்லாம் யாரும் பழகத் தேவையில்லை.

எல்லாம் துடைத்து முடித்ததும் கதவில் ஒரு வேடிக்கை. ஸ்டிக்கர் போய்விட்டது, பிள்ளைகளின் பெயர் போகவில்லை. வெயில் படாத இடம் பழைய மெரூனாகவும் சுற்றிலும் வெளிறியும் எழுத்து அப்படியே தெரிந்தது. வியாபாரி முகம் சுருங்கினார். “பேரு போவாது அண்ணே, மங்கும்” என்று சொல்லி ரப்பிங் காம்பவுண்டை எடுத்தார் கடைக்காரர். அதையும் அளவோடுதான் தேய்க்க வேண்டும். மேலே இருக்கிற கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியை விட மெலிது.

விழுப்புரத்தில் பார்த்த டீட்டெய்லிங் கடையில் வசதிகள் வேறு. நீராவி மெஷின், வெப்பமானி, கையுறை எல்லாம் உண்டு. ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வியட்நாம் போர்க்காலத்தில் பயன்பட்ட பாலியூரித்தேன் ஃபிலிமின் வழிவந்ததைத்தான் இன்று இதுபோன்ற கடைகளில் கார்களுக்குப் பாதுகாப்பு ஃபிலிமாகப் போர்த்துகிறார்கள். அந்தப் பெயரில் பிவிசி கலந்த மலிவுச் சரக்கும் விற்கிறது. சீக்கிரம் மஞ்சளடித்து உரிக்க வருவது அதுதான்.

அங்கிருந்த மூத்த தொழிலாளி 2012ஐ மறக்கவில்லை. ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாதென்றது. சாலையில் போலீசார் நிறுத்தி உரித்தது போக, மிச்சமிருந்த கம்மைச் சுரண்ட வண்டிகள் வரிசையில் நின்றனவாம். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வழக்கறிஞர்’ ஸ்டிக்கர்கள் மேல் நடவடிக்கை எடுத்தபோதும் அப்படித்தான். உத்தரவு ஒரே நாளில் வந்துவிடும், உரிக்கிற கைகள் அவ்வளவேதான்.

பெரிய கடையில் உரிப்பதற்குத் தனி பில் போடுகிறார்கள். திண்டிவனத்து அண்ணனிடம், “பழசை எடுத்துட்டு புதுசு ஒட்டிக் குடு” என்று சொல்லிப் புதுசுக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள். ஒட்டுவது அரை மணி நேரம், எடுப்பது அரை நாள். சேதம் வந்தால் நஷ்டஈடும் அவருடையது.

அடுத்த முறை ஸ்டிக்கர் எடுக்கப் போகிறவர்கள், வண்டி எங்கே அடிபட்டது, எங்கே மறு பெயிண்ட் அடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தின்னர் ஊற்றி அவசரமாக முடிக்கச் சொல்லாதீர்கள். உரிப்பதற்கென்று தனிக் கூலி பேசிக் கொடுங்கள். முடிந்தால் அங்கே வேலை செய்யும் பையனுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக்கொண்டு போங்கள்.