இரண்டாவது தலையணை



ஒரு மாதமாக முகநூல் பக்கம் நான் வரவில்லை. "சார் எங்கே?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் ஏழு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு என்றார்கள்.

பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒரே அழுகை. இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. உடலுக்கு வேண்டிய இரத்தத்தைத் தள்ள அதற்குப் பலம் போதவில்லை. அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். எக்கோ பார்த்ததில் எனக்கு 35 சதவீதம்தான்.

அறிகுறிகள் முன்பே வந்தன. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாயிடுச்சு என்று விட்டுவிட்டேன். மாலையில் செருப்பு இறுகியது. படுத்தால் இருமல். ஒரு தலையணை இரண்டாகி, பிறகு மூன்றானது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பல வருடமாக இரத்தக் கொதிப்பு உண்டு. "நல்லாத்தானே இருக்கோம்" என்று மாத்திரையை அடிக்கடி நிறுத்திவிடுவேன். வீட்டம்மா கேட்டால் "போட்டாச்சு" என்பேன். வீட்டுப்பாடம் எழுதாமல் பொய் சொன்ன உங்களை முட்டி போட வைத்தவன் நான்!

இப்போது நீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத்தின் சுமையைக் குறைக்கச் சில மாத்திரைகள். சர்க்கரை நோய்க்கென்று வந்த மாத்திரை ஒன்றும் உண்டு; எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனால் அது இதயத்துக்கும் உதவுகிறதாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் விடை கொடுத்தாயிற்று. மூட்டுவலிக்குக் கடையில் நானாக மாத்திரை வாங்கக் கூடாது. சில வலி மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கிவிடும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்க்கிறேன். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். எடையைக் குறிக்க ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் கையெழுத்துப் போடுவது வீட்டம்மா.

உங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டாவது தலையணை கேட்டால், எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். "போட்டாச்சு" என்றால், மாத்திரை அட்டையையும் வாங்கிப் பாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.